மண்டைதீவில மைதானம் வருது, சம்பளக் கடதாசி எப்ப வரும்?

பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கம் போறவைக்கு மண்டைதீவுச் சந்தி தெரியும். அந்த மண்டைதீவிலதான் யாழ்ப்பாணத்துக்கான சர்வதேசத் துடுப்பாட்ட மைதான வேலையை 2025 செப்டம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். எங்கட பெடியளுக்குப் பெரிய புளுகம். எனக்கும்தான். ஆனா ஒரு கேள்வி விடுகுதில்லை: அங்க விளையாடப்போறவனுக்கு ஆர், எவ்வளவு, எந்தக் கடதாசியை வைத்துக் காசு குடுப்பினம்?

தீவுகளில் விளையாட்டுக்குச் சம்பளம் எண்டு ஒண்டும் இருந்ததில்லை. நெடுந்தீவிலயிருந்து ஆட்டத்துக்கு வாறவன் குறிகாட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ். ஒருநாள் உழைப்பும் போகும். எங்கட கழகத்தில் கிடைத்தது போக்குவரத்துக் காசும் ஒரு சோத்துப் பார்சலும். அதையும் நன்றியோட வாங்கினம்.

2020 இல் லங்கா பிரீமியர் லீக் வந்தபோது நிலைமை மாறினமாதிரி இருந்தது. யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்த டிசம்பரில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்கு ஆடினார். 2024 இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் அணி அவரை 50 லட்சம் இந்திய ரூபாய்க்கு எடுத்தது. எங்கட பெயரில் இருந்த அணி 2020, 2021, 2022, 2024 என நாலுமுறை கிண்ணம் வென்றது. ஆனால் ஒரு போட்டியும் யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. 2025 இல் ஒப்பந்தக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்று கிரிக்கெட் சபை ஜஃப்னா கிங்ஸ் உரிமையாளரின் ஒப்பந்தத்தை முறித்தது. மேல்மட்ட ஒப்பந்தம் முறிந்தால் கீழே நிற்கிற உள்ளூர்ப் பெடியன் ஆரிட்டப் போவான்?

இதுக்கு விடை தேட, தீவார் கனபேர் குடியேறிய கனடாப் பக்கம் பார்ப்பம். ஐஸ் ஹொக்கியில் பழைய ஒப்பந்தம் வீரனைக் கழகத்தோட கட்டிப்போட்டது. அவன் விரும்பி வேறு கழகம் போகேலாது, கழகம் நினைத்தால் அவனை மாத்தலாம். 1957 இல் டெட் லிண்ட்சே வீரர் சங்கம் தொடங்கப் பார்த்தார். அதே வருசம் அவரை டெட்ரோய்டிலிருந்து சிக்காகோவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

கீழ்மட்ட லீக்கில் கதை இன்னும் மோசம். அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் எடி ஷோர் என்ற முதலாளி, அணியில் இடம் கிடைக்காத வீரர்களை அரங்கத்தின் எடுபிடி வேலைகளுக்கு விட்டார். 1966 டிசம்பரில் மூன்று பேரை அவர் இடைநிறுத்த, மற்றவர்கள் விளையாட மாட்டோம் என்று நின்றார்கள். அவர்களுக்காகப் பேச வந்தவர் அலன் ஈகிள்சன் என்ற இளம் வழக்கறிஞர். ஷோர் அணிப் பொறுப்பை விட்டு விலகவேண்டி வந்தது. 1967 இல் பெரிய லீக்குக்கு ஒரு சங்கமும், கீழ்மட்ட வீரர்களுக்குத் தனியாக இன்னொரு சங்கமும் பிறந்தன. காசு குறைஞ்ச இடத்தில்தான் கடதாசி கூடத் தேவை என்று அவர்களுக்கு விளங்கியிருக்கு.

கதை அதோட முடியேல்லை. பெரிய லீக் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய அதே ஈகிள்சன், 1998 இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை போனார். அப்ப சங்கம் இருந்தால் மட்டும் போதாது, அதின்ர கணக்கையும் வீரர்கள் பார்க்கவேணும்.

எங்களுக்கு இதில் எடுக்க ஏலுமானது மூன்று விசயம். ஒப்பந்தம் தமிழில் இருக்கவேணும். சம்பளத் திகதி, காயப்பட்டால் ஆர் பொறுப்பு, உரிமையாளர் மாறினால் பாக்கி ஆர் தாறது எண்டு அதில எழுதவேணும். அதின்ர ஒரு பிரதி வீரன்ர கையில இருக்கவேணும்.

மைதானம் கட்டி முடிய இன்னும் காலம் இருக்கு. அதுக்குள்ள இதைக் கேட்டு வைப்பம். கதவு திறந்தபிறகு கேட்டால், "விளையாட இடம் தந்ததே பெரிசு" எண்டு சொல்லுவினம். நாங்களும் பழைய பழக்கத்தில பார்சலை வாங்கிக்கொண்டு வந்திடுவம்.