விரித்த உள்ளங்கை

அரசியலாரையும் செய்தித்தாளையும் ஒருங்கே ஐயுறும் மனநிலையை நம் காலத்து நோய் என்கிறோம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரின் கல்வெட்டுகளை வாசித்தால் அப்படித் தோன்றவில்லை.

முதற் பராந்தக சோழன் காலத்தில் அவ்வூர்ச் சபை குடவோலைத் தேர்தலுக்கு கி.பி. 919இல் விதி வகுத்தது. போதாதென்று 921இல் திருத்தியது. விதிதோறும் ஐயமே தென்படுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர் உறவினர் பெயரும் ஓலையில் ஏறா. முந்தைய மூன்றாண்டுகளில் பொறுப்பு வகித்தவருக்கும் இடமில்லை. குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளிருப்பது அறியாத சிறுவனே ஓலை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து, அதை உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசித்த பின்னரே பெயர் ஏற்கப்படும். அறிவிப்பவன் சொல் மட்டும் செல்லாது.

இதை மக்களாட்சி என்று நாம் கொண்டாடிவிட இயலாது. நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடைய அந்தணரின் சபை அது. உழுகுடிகளுக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. எனினும் அவர்கள் ஐயத்தைப் புலம்பலாக விடாமல் விதியாக்கி, கோயிற்சுவரில் வெட்டிவைத்தனர்.

இன்று வாக்குப்பதிவின்போது ஒப்புகைச் சீட்டு 7 நொடிகள் நம் கண்ணுக்குக் காட்டப்படுகிறது. அந்த விரித்த கையின் தொடர்ச்சியே அது. செய்திக்கு அப்படியொரு கை இன்னும் வாய்க்கவில்லை. நாமோ செய்தியை நம்ப மறுக்கிறோம். ஓலையை வாங்கி வாசிக்கக் கேட்பதுமில்லை.