சிறுநீரகப் பரிசோதனை, நீரிழிவில்

சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகப் பாதிப்பை, கால் வீக்கம் தெரியும் முன்பே கண்டறிய ஆண்டுதோறும் செய்யப்படுவது. இரண்டாம் வகை நீரிழிவில் நோய் தெரிந்த உடனே தொடங்க வேண்டும். முதல் வகையில் 5 ஆண்டுகள் கழித்து. இதில் இரண்டு சோதனைகள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் ஒன்று. இரத்தக் கிரியேட்டினின், வயது, பாலினம் கொண்டு கணக்கிடும் வடிகட்டு வேகம் (இஜிஎஃப்ஆர்) மற்றொன்று. விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அல்லது வேகம் 60க்குக் கீழோ 3 மாதங்களாவது நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். கிரியேட்டினின் மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று நிம்மதியடைவது தவறு. அல்புமின் கசிவு பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

மாதிரி தரும் நாளும் முக்கியம். குற்றாலத்தில் செண்பகாதேவி கோயிலுக்கு மலையேறி இறங்கிய மறுநாள் அல்புமின் கூடுதலாகக் காட்டலாம். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால் கிரியேட்டினின் சற்று ஏறியிருக்கும். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் கணக்கைக் குழப்பும். எனவே 3 முதல் 6 மாதங்களுக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டில் அல்புமின் கூடுதலாக இருந்தால்தான் உறுதி.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் புரதம் பார்க்கிறார்கள். சிறு கசிவு அந்தப் பட்டையில் தப்பிவிடும். அதற்கு ஆய்வக விகிதமே வேண்டும்.