சூடாமணி விகாரம்

சூடாமணி விகாரம், சோழர் காலத்தில் நாகப்பட்டினத்தில் விளங்கிப் பின்னர் மறைந்துபோன பௌத்தப் பெரும்பள்ளி. தென்கிழக்காசியாவில் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர மரபின் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மனின் பெயரால் இதை எடுப்பித்தான்.

இதன் வரலாற்றுக்கு முதற்சான்று ஆனைமங்கலச் செப்பேடுகள். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் லெய்டன் செப்பேடுகள் என்றும் வழங்குகின்றன. பெரிய தொகுதியில் 21 ஏடுகள். 5 வடமொழியிலும் 16 தமிழிலும் அமைந்தவை. முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1005-06) ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக (பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் நிலக்கொடையாக) அளித்தான், அதைச் செப்பேட்டில் நிலைப்படுத்தியவன் அவன் மகன் இராஜேந்திரன். ஊரின் எல்லை பெண்யானையை நடக்கவிட்டு வகுக்கப்பட்டது. நிலம் ஏறத்தாழ 97 வேலி. அதன் நெல் வருவாய் 8,943 கலத்துக்கும் மேல். குருணி, நாழி என்ற சிறு அளவுகள் வரை கணக்கு எழுதிய சோழ அலுவலர்கள், கட்டடத்தின் அமைப்பைப் பற்றி அதே அக்கறையோடு எழுதவில்லை. மூன்று ஏடுகள் கொண்ட சிறிய தொகுதி முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கடாரத்து அரசனின் தூதர் வேண்டியபடி பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்ததைக் கூறுகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இந்த விகாரத்தைப் பரவலாக அறியச் செய்தது. ஆனால் கதை நிகழும் காலத்தில், விகாரத்துக்கு ஊர் அளித்த இராஜராஜன் அரியணை ஏறவே இல்லை.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே நின்ற செங்கற் கோபுரம் 'புதுவெளிக் கோபுரம்' எனவும் 'சீனக் கோபுரம்' எனவும் அழைக்கப்பட்டது. 1846இல் பிரித்தானிய அதிகாரி வால்டர் எலியட் பார்த்தபோது அது சுண்ணச்சாந்து இல்லாமல் செங்கற்களை நெருக்கி அடுக்கிய மூன்று நிலைக் கட்டடம். நான்கு பக்கமும் வாயில். 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், 1267இல் முடிந்ததாகக் குறிக்கும் சீன எழுத்துகளுடன் இங்கே ஒரு செங்கற் கோபுரம் இருந்ததாக எழுதியுள்ளார். ஆகவே இது சீனர் பின்னர் எழுப்பியதாகக் கருதப்படுகிறது. கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற இக்கோபுரத்தை, அரசு அனுமதியுடன் இயேசு சபையினர் 1867இல் இடித்தனர்.

அதற்கு முன்பே, 1856இல், அருகிலிருந்த பழைய இலுப்பை மரத்தை அகற்றியபோது ஐந்து புத்தர் படிமங்கள் வெளிப்பட்டன. பின்னர் வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் கிடைத்தவற்றோடு சேர்த்து எண்ணிக்கை சுமார் 350 ஆயிற்று. 11 முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலான இப்படிமங்களைத் தொல்லியலாளர் டி.என். இராமச்சந்திரன் ஆராய்ந்து 1954இல் நூலாக வெளியிட்டார். சோழர் ஆட்சி முடிந்த பின்னும் பௌத்த வழிபாடு இங்கே நீடித்ததற்கு அவையே சான்று.

படிமங்களில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. படிமங்கள் கிடைத்த வெளிப்பாளையத்தில் இன்று வீடுகளும் அலுவலகங்களும் உள்ளன.