வலிக்குச் சாட்சி யார்?

மருத்துவ வரலாற்று நூல்களில் 1809ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. அவ்வாண்டு டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் எஃப்ராயிம் மெக்டவல் என்னும் மருத்துவர் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து, சினைப்பையிலிருந்து வளர்ந்திருந்த பெருங்கட்டியை அகற்றினார். அவள் பிழைத்தாள். இத்தகைய அறுவையில் வெற்றி கண்டதாகப் பதிவான முதல் நிகழ்வு அது. மெக்டவலின் புகழ் பலரும் எழுதியதுதான். அப்பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் அதே வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

அவள் பெயர் ஜேன் டாட் கிராஃபர்ட். நாற்பது வயதைக் கடந்தவள். பல மாதங்களாகத் தன்னைக் கர்ப்பிணி என்றே எண்ணியிருந்தாள். பிரசவ வேதனையை ஒத்த வலி தீராமல் நீடித்தது. அவளைப் பார்த்த மருத்துவர் இருவரும் பேறுகாலம் என்றே முடிவு செய்து, பிரசவத்துக்கு உதவத்தான் மெக்டவலை அழைத்தனர். அவர் சோதித்தபோது கருப்பையில் குழந்தை இல்லை.

இப்படியோர் அறுவை வென்றதாகத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்பதை மெக்டவல் அவளிடம் மறைக்கவில்லை. அவள் இசைந்தாள். அவருடைய ஊரான டான்வில் 60 மைல் தொலைவில் இருந்தது. குளிர்காலத்தில் குதிரையின்மேல் அத்தொலைவைக் கடந்தாள். கட்டி சேணத்தின் முன்முனையில் அழுந்தி வயிற்றில் கன்றிப்போயிருந்ததை மெக்டவலே குறித்திருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம். ஏறத்தாழ 25 நிமிடங்கள் கத்தியின்கீழ்க் கிடந்தாள். வெளியே வந்தவற்றின் மொத்த எடை 22 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 10 கிலோ. ஐந்தாம் நாள் மருத்துவர் பார்க்கப் போனபோது அவள் தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாள். இருபத்தைந்தாம் நாள் ஊர் திரும்பினாள். 1842இல், எழுபத்தெட்டு வயதில் இறந்தாள். பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தின் பயன் பலரறியக் காட்டப்பட்டது அதற்கு நான்காண்டுகள் கழித்து, 1846இல்தான்.

1817இல் மெக்டவல் வெளியிட்ட குறிப்பில் மூன்று நோயாளிகள் வருகின்றனர். முதலாமவள் திருமதி கிராஃபர்ட். மற்ற இருவரும் கறுப்பினப் பெண்கள். அவர்களுக்கு அக்குறிப்பில் பெயர் இல்லை. அடிமை முறை நிலவிய மாநிலம் அது. அவர்களுடைய இசைவு கேட்கப்பட்டதா என்பதை அறிய அக்குறிப்பில் வழியில்லை. இச்செய்தியை நம்ப மறுத்த லண்டன் மருத்துவ இதழாசிரியர் ஜேம்ஸ் ஜான்சன், கறுப்பினப் பெண்கள் நாயையும் முயலையும் போல வெட்டைத் தாங்குவர் என்ற பொருளில் எழுதினார். தம் அவநம்பிக்கைக்காகப் பின்னர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால், சிலருடைய வலி வலியே அன்று என்னும் எண்ணம் அம்மன்னிப்போடு மறைந்துவிடவில்லை.

கிராஃபர்டின் வேதனையை, காரணம் தவறாயினும், எவரும் மறுக்கவில்லை, வயிறு வீங்கியிருந்தது. வீக்கமில்லாத வலியின் கதி வேறு. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த 'ஹிஸ்டீரியா' என்ற பெயர் அதற்கு ஆயத்தமாக இருந்தது. 1872இல் ஜார்ஜியா மாநிலத்தின் ராபர்ட் பாட்டி, மாதவிலக்குத் துன்பங்களுக்காகவும் நரம்புக் கோளாறு எனப்பட்டவற்றுக்காகவும் சினைப்பைகளையே நீக்கும் முறையைத் தொடங்கினார். கட்டி எதுவும் இல்லாத உறுப்புகளும் இவ்வாறு அகற்றப்பட்டன. மனநோய் விடுதிகளில் இருந்த பெண்களும் தப்பவில்லை. ஒரு காலத்தில் கேட்க மறுக்கப்பட்ட வலி, இப்போது உறுப்பைப் பறிப்பதற்குக் காரணமாயிற்று. இரண்டிலும் அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டவர் எவருமில்லை.

பின்னர் கருவிகள் வந்தன. 1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் கேளா ஒலியால் வயிற்றின் உட்புறத்தைக் காட்டும் முறையை வெளியிட்டனர். இரைப்பைப் புற்றுநோய், இனி அறுவைக்கும் இடமில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டி என்பதை அம்முறை காட்டியது. கட்டி அகற்றப்பட்டு அவள் பிழைத்தாள். மருத்துவரின் கை தடவி அறிந்ததை இப்போது படமாகப் பார்க்க முடிந்தது.

இன்று ஸ்கேன் செய்தவுடன் நீர்க்கட்டி தெரிந்துவிடுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை மாதச் சுழற்சியில் தோன்றித் தாமாகவே மறைபவை. சில முறுக்கிக்கொண்டு திடீரெனக் கடும் வலி தரும்; அந்நிலையில் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய், படம் தெளிவாக இருக்கும்போதும் இடுப்பெலும்புக்கூட்டுக்குள் வதைக்கக்கூடும். அதைக் கண்டறியப் பல பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. 'படத்தில் ஒன்றும் இல்லை' என்பதும் 'உனக்கு ஒன்றும் இல்லை' என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். முன்னதைச் சொல்லவேண்டிய இடத்தில் பின்னதைச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு, மருத்துவமனைகளிலும் உண்டு.

ஜேன் கிராஃபர்டுக்காக அவளுடைய வயிறு பேசியது. மற்றப் பெண்களுக்கு அவர்கள் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. அச்சொல்லை ஏற்றுக்கொண்டு, பிறகு காரணம் தேடுவதுதான் முறை. மருத்துவம் இதைக் கற்றுக்கொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் முழுதும் கற்றுவிடவில்லை.