கடாரமும் கலாயும்

பித்தளைப் பாத்திரங்கள் புழங்கிய நாட்களில், ஆண்டுக்கொரு முறையேனும் கலாய்க்காரர் தெருவுக்கு வருவார். துருத்தி ஊதிப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் பூசுவார். களிம்பேறாமல் காக்கும் அவ்வெண்பூச்சுக்குக் கலாய் என்று பெயர். அடுக்களையில் வழங்கிய அச்சொல் கெடா மண்ணிலிருந்து கிளம்பியது என்று கருதும் ஆராய்ச்சியாளர் பலர் உளர்.

அரபு மொழியில் வெள்ளீயம் ‘கலஈ’ எனப்படும். ‘கலா’ என்னும் துறைமுகத்தின் பெயரடியாக அது பிறந்தது என்பர். 9ஆம் நூற்றாண்டில் இபின் குர்தாத்பேயும், 10ஆம் நூற்றாண்டில் அபூ துலஃபும் கலாவின் ஈயச் சுரங்கங்களைக் குறித்துள்ளனர். அத்துறைமுகம் தாய்லாந்தின் தக்குவாபா என்பாரும் உண்டு. கெடாவே என்பாரும் பலர். அரபுச் சொல் பாரசீகம், உருது வழியே வந்து தமிழில் கலாய் ஆயிற்று.

ஈயம் இந்நிலத்தில் கிடைக்கக் காரணம் யாது? விடை, மலேயத் தீபகற்பத்தின் முதுகெலும்பான கருங்கல்லில் இருக்கிறது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இரு நிலத்தட்டுகள் மோதியதால், பழைய மண்பாறைகள் ஆழத்தில் உருகிக் குழம்பாயின. குழம்பு மெல்ல ஆறியபோது சில படிகங்கள் முந்தி உறைந்து பெரிதாய் வளர்ந்தன. எஞ்சியது சிறு மணிகளாய் இறுகியது. வெண்கட்டிகள் பதித்தாற்போன்ற இவ்வமைப்பைப் புவியியலார் ‘பார்பிரி’ என்பர். ஈயமோ முந்திய படிகங்களில் இடம் பெறாது குழம்பிலேயே தங்கியது. அக்குழம்பில் உயிர்வளி குறைவாயிருந்ததே அதற்குக் காரணம். உயிர்வளி மிகுந்திருப்பின் ஈயம் முதற் படிகங்களிலேயே சிதறிப் போயிருக்கும். உயிர்வளி மிகுந்த கருங்கல், குறைந்த கருங்கல் என்னும் இப்பாகுபாட்டை 1977இல் வகுத்துரைத்தவர் ஜப்பானிய அறிஞர் இஷிஹாரா.

கடைசிக் குழம்பில் செறிந்த ஈயம் வெந்நீரோடு பாறை வெடிப்புகளில் ஏறிப் படிந்தது. மழை அதனை அரித்து ஆற்று மணலில் சேர்த்தது. கனமான பொருளாதலின் அது அடியில் தங்கியது. ஆகவே ஆழச் சுரங்கம் தோண்டாமலே, துலாங் தட்டில் மணலை அலசி ஈயம் எடுக்க முன்னோரால் இயன்றது. 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையின் கருங்கல்லைச் சார்ந்து, செமிலிங் பக்கத்தில் வெள்ளீயமும் நயோபியக் கனியும் கிடைத்துள்ளன.

மலையடிவாரத்தில் இரும்புக் கல்லும் உண்டு. செமிலிங்கை அடுத்த சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டத்தின் நடுவே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் பண்டை இரும்புலைகளையும் ஏராளமான துருத்திக் குழல்களையும் அகழ்ந்து கண்டனர். கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே அங்கு இரும்பு உருக்கினர். அதற்கும் முந்தியது என்பாரும் உளர். மெர்போக்கில் 1960இல் மீண்டும் எடுத்து நிறுத்தப்பெற்ற புக்கிட் பத்து பகாட் கோயிலும் கருங்கல்லால் ஆனதே.

காழகத்துப் பொருள்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். காழகம் என்பது கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். வடமொழியில் கடாகம் எனப்பட்டது இவ்வூரே. கடாகம், கடாரம் என்னும் இரு சொற்களும் ஊரையும் குறிக்கும், கொப்பரையையும் குறிக்கும். கொப்பரையும் அதற்குப் பூசும் கலாயும் ஒரே நிலத்தை நினைவூட்டுவது சுவையான பொருத்தமாகும்.

கடாரம் என்றவுடன் மாணவர் நினைவுக்கு வருவது 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் செலுத்திய கப்பற்படை. அந்த ஒரு வெற்றியோடு பாடம் முடிந்துவிடுகிறது. சோழர் வருமுன்பே பல நூற்றாண்டுகள் மணல் அலசியும் உலை ஊதியும் அத்துறைமுகத்துக்குப் பொருள் சேர்த்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் உழைப்பின் தடம் உலைச் சாம்பலிலும், கலாய் என்னும் ஒரு சொல்லிலுமே எஞ்சியிருக்கிறது. கடாரங் கொண்ட கதையைக் கற்பிக்கும் ஆசிரியர், கடாரம் கொடுத்ததையும் உடன் சேர்த்துச் சொல்வாராயின் அவ்வரலாறு முழுமை பெறும்.