மரக்கால் கவர்னரும் ஒரு பாட்டும்

நியூயார்க் நகரம் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற பெயரில் டச்சுக்காரரின் சிற்றூராக இருந்த காலத்தில், 1647 முதல் 1664 வரை அதனை ஆண்டு, இறுதியில் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த பீட்டர் ஸ்டைவெசன்ட், செயின்ட் மார்ட்டின் தீவின் முற்றுகையில் வலக்காலை இழந்து, வெள்ளிப்பட்டை கட்டிய மரக்காலுடன் நடமாடியவர். சரித்திரம் இவரைக் கண்டிப்பான நிர்வாகியாகக் காட்ட, இலக்கியமோ பரிகாசப் பாத்திரமாக்கிக்கொண்டது.

அதனைத் தொடங்கிவைத்தவர் வாஷிங்டன் இர்விங். 1809இல், நிக்கர்பாக்கர் என்னும் வயோதிகர் விடுதியிலிருந்து காணாமற் போய்விட்டார் என்று பத்திரிகைகளில் பொய்யறிவிப்பு வெளியிட்டு, அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதியெனத் தம் நூலையே விற்ற சாமர்த்தியசாலி அவர். அந்நூலில் ஸ்டைவெசன்ட்டுக்கு முந்திய கவர்னரான கீஃப்டின் வேஷத்தில் அவர் எள்ளிநகையாடியது, அவ்வாண்டில் ஜனாதிபதி பதவி விட்டிறங்கிய ஜெஃபர்சனையே. பழைய டச்சுக் கிராமத்தைச் சமகாலச் சண்டைக்குத் திரையாகப் பிடிக்கும் உபாயம் அன்று பிறந்தது.

நாடகாசிரியர் மாக்ஸ்வெல் ஆண்டர்சனும், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு 1933இல் வெளியேறிய இசையமைப்பாளர் கர்ட் வைலும் 1938இல் அரங்கேற்றிய ‘நிக்கர்பாக்கர் ஹாலிடே’, அவ்வுபாயத்தையே மீண்டும் கையாண்டது. அரசாங்கத்தின் அதிகாரப் பெருக்கத்தை வெறுத்த ஆண்டர்சன், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கொள்கைகளைக் குத்திக்காட்டும் பொருட்டு, டச்சுச் சபையில் ரூஸ்வெல்ட் என்ற பெயருடைய உறுப்பினர் ஒருவரையும் உட்காரவைத்தார். யாரையேனும் தூக்கிலிட்டே தீரவேண்டிய திருநாளில் ஆள் அகப்படாமல் சபை தவிப்பதும், எவர் கட்டளைக்கும் பணிய இயலாத பிராம் புரோக் என்னும் இளைஞன் அகப்பட்டுக்கொள்வதுமே கதைத் தொடக்கம்.

ஆயினும், 168 முறை நடைபெற்ற அந்நாடகத்தில் நிலைத்தது அரசியலன்று. ஸ்டைவெசன்ட்டாக நடித்த வால்டர் ஹஸ்டன் பயிற்சிபெற்ற பாடகரல்லர். அவருடைய கரகரப்பான, குறுகிய குரலுக்கேற்ப வைல் அமைத்த ‘செப்டம்பர் சாங்’, யுவதி ஒருத்தியிடம் முதியவன், எஞ்சிய நாள் கொஞ்சமே என்று விண்ணப்பம் செய்துகொள்ளும் பாட்டு. வெறுக்கப்படுவதற்கென்றே படைக்கப்பட்ட சர்வாதிகாரியிடம், அதைப் பாடும் சில நிமிஷங்களுக்குச் பார்வையாளரின் மனம் சாய்ந்துவிடுகிறது. ஆசிரியரின் வாதத்தை அவர் நாடகத்தின் பாட்டே தோற்கடித்த விந்தை இது என்பது என் அபிப்பிராயம்.

1944இல் ஹாரி ஜோ பிரவுன் டைரக்ட் செய்த, இந்நாடகத்தின் திரைப்பட வடிவில் நெல்சன் எடி கதாநாயகர். சார்லஸ் கோபர்ன் கவர்னர். வைலின் பாட்டுக்களிற் பெரும்பாலானவை நீங்கின; வேற்றார் பாட்டுக்கள் புகுந்தன; அரசியற் காரமும் மழுங்கிற்று. புரோக் இங்கே பத்திரிகை நடத்துபவனாகிவிட்டான்! கதை நிகழ்வதோ 1650இல். நியூயார்க்கில் அச்சுக்கூடம் ஏற்பட்டதே 1693இல், முதற் பத்திரிகை வெளிவந்தது 1725இல். பொய்யறிவிப்புக் கொடுத்த இர்விங்கின் வம்சத்துக்கு இதுவொன்றும் பெருங்குற்றமன்றுதான்.

இத்தனை வெட்டலிலும் கோபர்ன் வாயில் அந்த முதியவன் பாட்டு மட்டும் தப்பிப் பிழைத்தது. ஹஸ்டன் காலமான 1950ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘செப்டம்பர் அஃபேர்’ என்னும் படமோ, கதையை இத்தாலியில் வைத்து, டச்சுக் கிராமத்தையும் தூக்குமரத்தையும் மரக்காலையும் அறவே விட்டு, ஹஸ்டனின் பழைய இசைத்தட்டை மட்டும் எடுத்து ஒலிக்கச் செய்தது.