நீர் வடியும் துளைகள்: தென்காசி, குற்றாலப் பகுதியில் காலணியும் அனுமதியும்

ஸ்காட்லாந்தின் மரபுக் காலணியான புரோக்கின் மேல்தோலில் வரிசையாகத் துளைகள் இருக்கும். இன்றைய கடைக்காரர் அதைப் பூவேலை என்பார். அதன் தொடக்கம் அலங்காரத்தில் இல்லை. 1543-இல் ஜான் எல்டர் என்ற ஸ்காட்லாந்து மதகுரு, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில் தம் நாட்டு மலைமக்கள் செருப்புச் செய்துகொள்ளும் முறையை விவரிக்கிறார். வேட்டையாடிய செம்மானின் தோலை உரித்ததும் அதன்மேல் வெறுங்காலை வைத்து அளவெடுப்பார்கள். கணுக்கால்வரை ஏறும்படி வெட்டுவார்கள். உள்ளே புகுந்த நீர் வெளியேறுவதற்காக மேற்புறத்தில் துளையிடுவார்கள். சதுப்பும் ஓடையும் நிறைந்த நிலத்தில் நீரை உள்ளே விடாமல் தடுக்க முடியாது, வந்த நீரை நிற்கவிடாமல் அனுப்பிவிடலாம் என்ற பட்டறிவு அது. நாக்கில்லாமல், நீண்ட வாரைக் கணுக்காலில் சுற்றிக் கட்டும் ‘கில்லி புரோக்’ என்ற வகையும் இதே பட்டறிவின் வழி வந்ததுதான்.

இந்த வேலைக்காரக் காலணி மேடைக் காலணியானது பிற்காலத்தில். 1746-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. 1782-இல் தடை நீங்கியது. அச்சட்டம் பெயர் சொல்லி விலக்கிய பொருள்களில் காலணி இல்லை என்பதை வாசகர் மனத்தில் கொள்ளவேண்டும். நம் ஊர்க் கதைக்கு வரும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய விழாக்களில் மலைநாட்டு உடை அரச மரியாதை பெற்றது. பிறகு 1920களில் வேல்ஸ் இளவரசர் கோல்ஃப் திடலில் புரோக் அணிந்தார், அது நாகரிகமாயிற்று. இன்று ஜீன்ஸுக்கும் அதையே போடுகிறார்கள். துளைகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் உள்தோலை எட்டுவதில்லை. நீர் வடியாது.

உழைப்பின் காலணி சடங்குக்குப் போய், சடங்கிலிருந்து அன்றாடத்துக்குத் திரும்பிய இந்தப் பாதை ஸ்காட்லாந்துக்கு மட்டும் உரியதன்று. தென்காசிச் சீமையிலும் காலணி இப்படி ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் அங்கே அதைத் திருப்பியது ரசனை. இங்கே திருப்பியது அனுமதி. யார் அணியலாம், யார் முன் அணியலாம், எந்தத் தெருவில் அணியலாம் என்ற கேள்விகளை விட்டுவிட்டு நம் காலணியின் வரலாற்றை எழுத முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிலத்தை முதலில் பார்ப்போம். தென்காசி மாவட்டத்தின் மேற்கில் பொதிகைச் சாரல், அருவி, சிற்றாறு, வயல். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப்போக வறண்ட கரிசல், முள். மேற்கில் காலுக்குப் பகை ஈரம், கிழக்கில் முள். இரண்டுக்கும் ஒரே காலணி பொருந்தாது. முள்ளுக்குத் தோல் வேண்டும், அந்தத் தோலுக்கு ஈரம் ஆகாது.

தமிழருக்குக் காலணி வெள்ளைக்காரன் கொண்டுவந்த பொருள் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையே அதற்கு மறுப்பு. மாடு மேய்க்கும் இடையரின் காலில் செருப்பின் தழும்பு பதிந்திருப்பதை அது காட்டுகிறது; வழிச்செல்லும் வணிகர் அடியை மூடும் காலணி அணிந்ததையும் சொல்கிறது. மதுரைக்காஞ்சியில் இரவுக் கள்வர்கள் செருப்பணிந்து வருகிறார்கள். மூன்று இடத்திலும் காலணி தொழிலின் கருவி. மேய்ப்பவன், வழிநடப்பவன், களவுக்குப் போகிறவன் ஆகியோருக்கு அது தேவை, அவ்வளவுதான். பெருமையின் அடையாளமாக அது அங்கே பேசப்படவில்லை.

அது எப்போது தகுதிச் சின்னமாக மாறியது என்று ஓர் ஆண்டைச் சுட்ட முடியாது. மாறியதன் விளைவு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. செத்த மாட்டின் தோலை உரித்து, ஊறவைத்து, பதப்படுத்தி, செருப்பும் நீர் இறைக்கும் கமலைக்கு வேண்டிய தோல்பையும் தைத்துக் கொடுத்த அருந்ததியர், தாங்கள் தைத்ததை அணிந்துகொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டியிருந்தது. உலகின் காலணி வரலாறுகளில் இப்படியொரு முரண் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயம்தான்.

மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் இந்தத் தடை அரசின் ஒழுங்காகவே இருந்தது. குற்றாலத்தை ஒட்டிய செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்த பகுதி என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். அந்தச் சமஸ்தானத்தில் சாணார் எனப்பட்ட நாடார்கள் குடை பிடிக்கவும், காலணி அணியவும், பொன் நகை பூணவும் தடை இருந்ததை லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த நீண்ட தோள்சீலைப் போராட்டமும், 1859-ஆம் ஆண்டின் அரசாணையும் நம் நினைவில் நிற்கின்றன. அதே தடைப்பட்டியலில் இருந்த காலணியைத் தோள்சீலையின் பெருங்கதை மறைத்துவிட்டது. ஸ்காட்லாந்தில் உடையைத் தடுத்த அரசு காலணியை விட்டுவைத்தது. இங்கே காலணியையும் விடவில்லை.

ஆங்கிலேய ஆட்சி இந்த ஏணியை உடைக்கவில்லை, அதன்மேல் இன்னொரு படியைப் போட்டது. மேலோர்முன் செருப்பைக் கழற்றும் உள்ளூர் வழக்கத்தை ஆங்கிலேய அதிகாரிகள் தங்களுக்கு உரிய மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். 1854-இல் தலைமை ஆளுநராக இருந்த டல்ஹௌசி பிரபு, அவரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஐரோப்பிய பாணியில் பூட்ஸோ ஷூவோ அணிந்து வரும் இந்தியக் கனவான்கள் அரசு நிகழ்ச்சிகளில் அதைக் கழற்ற வேண்டியதில்லை என்று விதித்தார். 1868-இல் இந்தச் சலுகை மேலும் விரிந்தது. நாட்டுச் செருப்போடு வருபவர் மட்டும் கழற்றியாக வேண்டும். அதாவது, ஒரே காலுக்கு இரு நீதி. தையலைப் பொறுத்து மதிப்பு. தலைப்பாகை, கோட்டு, பஞ்சகச்சம், அதன்கீழ் பளபளக்கும் கறுப்பு பூட்ஸ் என்று பழைய புகைப்படங்களில் நிற்கும் வக்கீல்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். இந்த விதியை அறிந்தபின் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். அது பொருந்தாத ரசனை அன்று, நீதிமன்ற வாசலில் காலணியைக் கழற்றாமல் நுழைவதற்கான சீட்டு.

இதே காலத்தில் தமிழகத்துத் தோல் எதிர்த்திசையில் பயணம் செய்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளின் பூட்ஸுக்கு மேல்தோலாக அதைப் பெருமளவில் வாங்கினார்கள். இங்கே அதைச் செருப்பாக அணிந்து தெருவில் நடக்கத் தடைபட்டவர்களின் உழைப்பு, அங்கே சிப்பாயின் காலில் ஏறியது. 1903-ஐ ஒட்டிப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறைப் பதனிடலைச் சோதித்தபோது முதலில் குறிவைத்தது காலணியை அன்று, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கமலைப் பையை. நாளெல்லாம் நீரில் நனைந்தாலும் தாங்கும் தோல் உழவருக்குத் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்து மலைமக்கள் துளையிட்டுத் தீர்த்த சிக்கலை இங்கே வேதியியல் தீர்க்கப் பார்த்தது.

அன்றாடக் காலணி உண்மையில் சாதாரண மக்களிடம் வந்து சேர்ந்தது தோல் வழியாக அன்று, ரப்பர் வழியாக. கரிசலில் பழைய லாரி டயரை அறுத்துச் செய்த டயர் செருப்பு முள்ளை வென்றது. மேற்கில் ஹவாய் செருப்பு ஈரத்தை வென்றது. பாட்டா முன்னே வந்தது, பின்னே கேரளத்துப் பாரகனும் வி.கே.சி.யும். விலை குறைவு, நனைந்தால் உதறிவிடலாம், யார் தைத்தது என்ற கேள்வியும் இல்லை. கடைசியாகச் சொன்னதைச் சமூகவியலாளர்கள் இன்னும் சரியாக எடைபோடவில்லை என்று நினைக்கிறேன். தொழிற்சாலையின் செருப்புக்குச் சாதி ஒட்டவில்லை. அதை அணிந்த காலுக்கு மட்டும் ஒட்டியே இருந்தது.

குற்றாலத்தில் இன்றைக்கும் மூடிய தோல் காலணி அந்நியம்தான். ஜூன் மாதம் சீசன் தொடங்குகிறது. பேரருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். அருவிக்கும் கழற்ற வேண்டும், சன்னதிக்கும் கழற்ற வேண்டும். பின்வார் இல்லாத செருப்பு அங்கே வசதியே தவிர அலட்சியம் ஆகாது. அதே ஜூனில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. தனியார் பள்ளிச் சீருடையில் கறுப்பு ஷூவும் காலுறையும் கட்டாயம். சாரலில் நனைந்த ஷூவோடு மாலைவரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கால் விரல் இடுக்குகளைப் பார்த்தால், குளிர்நாட்டு விதியை மழைநாட்டில் யோசிக்காமல் நட்டதன் விலை தெரியும். எல்டர் சொன்ன மலைமக்கள்கூட இந்தத் தவற்றைச் செய்திருக்க மாட்டார்கள்.

அனுமதியின் கதை காலனிய ஆட்சியோடு முடியவில்லை. 2014 ஜூலையில் வேட்டி அணிந்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனுக்குச் சென்னைக் கிரிக்கெட் மன்றமொன்றில் நுழைவு மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே சட்டமன்றம், வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் தடுப்பவர்களுக்கு ஓராண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கும் சட்டத்தை இயற்றியது. மாநிலமே கொதித்தது, நியாயம்தான். ஆனால் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிய தலைமுறைகளுக்காக இப்படி ஒரே மாதத்தில் எந்தச் சட்டமும் வரவில்லை.

அது வர இன்னும் நாள் பிடித்தது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ஆம் ஆண்டினது. பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பது, சைக்கிளில் செல்வதைத் தடுப்பது, புத்தாடை உடுத்துவதைத் தடுப்பது ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கும் பிரிவு 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது; 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது, அந்தப் பிரிவுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை.